வைஃபை வரவில்லையா? பழைய மடிக்கணினியை எடைக்குப் போடாதீர்கள்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-உடன் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11 ஏறாத பழைய மடிக்கணினிகளுக்கு, தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கியவை உட்பட, லினக்ஸ் நல்ல மாற்று. ஆனால் நிறுவியதும் பெரும்பாலும் மக்கர் செய்வது வைஃபைதான். “கார்டு போச்சு” என்று கடையில் சொன்னால் உடனே நம்பிவிட வேண்டாம்.

ஏன் வருவதில்லை?

வைஃபை சிப் இயங்க டிரைவர் வேண்டும். பல சிப்களுக்கு அதோடு, சிப்புக்குள்ளேயே ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேரும் வேண்டும். டிரைவர் பெரும்பாலும் லினக்ஸ் கெர்னலிலேயே இருக்கும். ஃபர்ம்வேர் பெரும்பாலும் சிப் தயாரித்த நிறுவனத்தின் சொத்து. பழைய பிராட்காம் சிப்களுக்கான ‘பி43’ டிரைவரைத் தன்னார்வலர்கள் எழுதினார்கள். ஆனால் அதற்கான ஃபர்ம்வேரை மறுவிநியோகம் செய்ய அனுமதியில்லை. பயனர்தான் தனியே இறக்கிக்கொள்ள வேண்டும்.

உங்கள் உரிமை

லினக்ஸ் கெர்னல் ஜிபிஎல் உரிமத்தில் வருகிறது. அதைப் பயன்படுத்தவும், மாற்றவும், பிறருக்குக் கொடுக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. உபுண்டு, மின்ட் போன்ற லினக்ஸ் வகைகளுக்கு லைசென்ஸ் கட்டணம் கிடையாது. நிறுவித் தரும் வேலைக்குக் கூலி கேட்பது வேறு விஷயம்.

ஆபத்துகள்

* ‘இலவச டிரைவர்’ என்று கூவும் தளங்களில் எதையும் இறக்காதீர்கள். எங்கோ கண்ட ‘சூடோ’ கட்டளையைப் புரியாமல் ஒட்டினால், கணினியின் முழு அதிகாரத்தையும் தூக்கிக் கொடுத்தது போலாகும்.
* பிராட்காமின் மூடிய ‘டபிள்யூஎல்’ டிரைவரில் 2019-இல் பாதுகாப்பு ஓட்டைகள் வெளியாயின. வேறு வழி இருந்தால் அதைத் தவிருங்கள்.
* பழைய கார்டுக்காக ரவுட்டரை ‘வெப்’ (WEP) என்ற பழைய பூட்டு முறைக்கு மாற்றாதீர்கள். அந்தப் பூட்டு 2001-லேயே உடைக்கப்பட்டுவிட்டது.

என்ன செய்யலாம்?

1. டெர்மினலில் ‘ஆர்எஃப்கில் லிஸ்ட்’ (rfkill list) கட்டளை கொடுங்கள். ‘ஹார்டு பிளாக்டு: எஸ்’ என்று வந்தால், மடிக்கணினியின் ஓரத்தில் உள்ள சிறு சுவிட்சையோ ஆன்டெனா படம் போட்ட விசையையோ பாருங்கள். ‘சாஃப்ட் பிளாக்டு: எஸ்’ என்றால் ‘ஆர்எஃப்கில் அன்பிளாக் வைஃபை’ (rfkill unblock wifi) போதும்.
2. தடை இல்லையென்றால் கைப்பேசியை யுஎஸ்பி கேபிளில் இணைத்து டெதரிங்கைப் போடுங்கள். வைஃபை இல்லாமலே இணையம் வந்துவிடும். பிறகு உபுண்டுவில் ‘அடிஷனல் டிரைவர்ஸ்’, மின்ட்டில் ‘டிரைவர் மேனேஜர்’ திறந்து, பரிந்துரைக்கப்படுவதை நிறுவுங்கள்.
3. டெபியன் லினக்ஸில் 12-ஆம் பதிப்பு முதல் நிறுவும் கோப்பிலேயே பல ஃபர்ம்வேர்கள் சேர்ந்து வருகின்றன. டெபியன் பயனர்கள் பழைய பதிப்பைத் தேட வேண்டாம்.
4. எதுவும் பலிக்காவிட்டால் யுஎஸ்பி வைஃபை டாங்கிள் வாங்குங்கள். ஏதெராஸ் ஏஆர்9271 சிப் உள்ளதற்கு டிரைவர் மட்டுமல்ல, ஃபர்ம்வேரும் திறந்த மூலம்.

ஏமாற்றப்பட்டால்

‘வைஃபை வேலை செய்யும்’ என்று சொல்லி விற்ற பழைய மடிக்கணினியில் அது வேலை செய்யாவிட்டால், பில்லோடு கடைக்காரரிடம் எழுத்தில் கேளுங்கள். பலனில்லையெனில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுகளுக்குள் புகார் தரலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. ஆகவே, எந்தப் பழைய கணினி வாங்கினாலும் பில் கேட்டு வாங்குங்கள். கடையிலேயே வைஃபையை இணைத்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.