லண்டன் சோப்ரானோ கச்சேரிக்கு மைசூரு மகாராஜா பணம் தந்தது ஏன்?

1950 மே 22. லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் 'நான்கு கடைசிப் பாடல்கள்' அரங்கேறின. பாடியவர் கிர்ஸ்டன் ஃப்ளாக்ஸ்டாட். 4,800 டாலர் உத்தரவாதம் தந்தவர் யார் தெரியுமா? மைசூரு மகாராஜா ஜெயசாமராஜேந்திர உடையார்! நேரில் போக முடியாத அவருக்கு வேண்டியது, தன் இசைத்தட்டு சேகரிப்புக்கு ஒரு பதிவு.

சோப்ரானோ என்பது பெண் குரல்களில் உச்ச ஸ்தாயி. ஆர்ட் சாங் என்பது கவிதைக்கு மெட்டமைத்த பாட்டு. ஆக, சொல் புரியணும். சிக்கலே இங்கதான்: சுருதி ஏற ஏற 'இ', 'உ' எல்லாமே 'ஆ' மாதிரி கேட்கும்.

அதனால்தான் பாடகிகளுக்குத் தனி உச்சரிப்புப் பயிற்சி. ஸ்ட்ராஸ் பாடல்கள் ஜெர்மன். பிரெஞ்சு என்றால் விதியே வேற. பேச்சில் 'ரோஸ்', பாட்டில் பெரும்பாலும் 'ரோ-ஸ'. விழுங்கிய உயிரெழுத்துக்கும் ஒரு ஸ்வரம்!

அடுத்த முறை சோப்ரானோ கேட்டால், குரலோடு சொல்லையும் கவனிங்க.