கூடாரத்துக்கு ஏற்ற சால்வை

காட்டோரம் கூடாரம் போட்டுத் தங்குகிறவர், கையில் கம்பளிப் பின்னலும் வைத்திருந்தால்? கண்ணிக் கணக்கு எழுதிய தாள் காற்றில் பறக்கும், இல்லாவிட்டால் மழையில் ஊறும். தாளே தேவைப்படாத ஒரு சால்வையை வகுத்தவர் எலிசபெத் சிம்மர்மன். 1910-இல் இங்கிலாந்தில் பிறந்து, அமெரிக்காவின் விஸ்கான்சினில் வாழ்ந்தவர். கணவர் மோட்டார் சைக்கிள் ஓட்ட, பின்சீட்டில் உட்கார்ந்தும் பின்னுவாராம். துணிச்சல்தான்!

மாதத்துக்கு ஒரு பின்னல் வேலை என்று 1974-இல் அவர் எழுதிய புத்தகத்தில், ஜூலை மாதத்துக்கு உரியது இந்த வட்டச் சால்வை. ஆரம் இரட்டித்தால் சுற்றளவும் இரட்டிக்கும் என்ற பள்ளிக்கூடக் கணக்குதான் அடிப்படை. நடுவில் 9 கண்ணிகளில் தொடங்கவேண்டும். அதை 18, 36, 72, 144 என்று இரட்டித்துக்கொண்டே போகலாம். இடையில் வரும் சுற்றுகள் 3, 6, 12, 24 என்று பெருகும். அந்தச் சுற்றுகளில் கண்ணி கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். அடுப்பில் கொதிக்கும் தேநீரைப் பார்த்துக்கொண்டே கை பின்னும்.

இதற்கு, இரு முனைகளையும் வளையும் வடம் இணைக்கும் வட்ட ஊசியே நல்லது. தனி ஊசி புல்லுக்குள் விழுந்துவிட்டால் டார்ச் அடித்துத் தேடவேண்டியதுதான்!