கடிதவழிச் சதுரங்கமும் குலாம் காசிமும்

கொல்லிமலையில் உறைபவன் ஒருவன், அம்மலைப்பாதையின் 70 வளைவுகளையும் இறங்காமலே, சென்னையிலுள்ள நண்பனொடு சதுரங்கம் ஆடக்கூடுமோ எனின், கூடும். இருவரும் தத்தம் பலகையை முன்வைத்து, காய் நகர்த்தியதைக் கடிதத்தில் எழுதி விடுப்பதே கடிதவழிச் சதுரங்கமாம்.

1824 முதல் 1828 வரை இலண்டன் நகரத்தாரும் எடின்பரோ நகரத்தாரும் இவ்வாறு பொருதனர். அதனையடுத்து 1828-29இல் நம் சென்னையும் ஐதராபாத்தும் இரண்டு ஆட்டங்கள் ஆடின. இருப்புப்பாதையும் தந்தியும் இல்லாத அக்காலத்தில் தபாலை ஓட்டக்காரர் கால்நடையாகவே சுமந்தனர். சென்னையின் ஆட்டத்தை முதன்மையாக நடத்தியவர் குலாம் காசிம் என்பார். அவரும் சென்னை சிவில் உத்தியோகஸ்தராகிய ஜேம்ஸ் காக்ரேன் துரையும் அவ்வாட்டங்களைக் குறிப்புரையொடும் முசியோ காம்பிட் என்னும் தொடக்கத்தின் ஆராய்ச்சியொடும் சேர்த்து 1829இல் சென்னையில் அச்சிட்டனர்.

அத்தொடக்கம் யாதெனில், இருவரும் அரசன்முன் நிற்கும் காலாளை இரண்டு கட்டம் நகர்த்துவர். வெள்ளையார் அரசனுக்கு அணித்தான மந்திரியின் காலாளையும் இரண்டு கட்டம் நகர்த்திப் பலியிட, கறுப்பார் அதனை வெட்டுவர். வெள்ளைக் குதிரை வெளிவரும். கறுப்பார் குதிரைக் காலாளை இரண்டு கட்டம் முன்னிறுத்தி, வெட்டிய காலாளைக் காப்பர். வெள்ளை மந்திரி பகையரசன் பக்கத்தை நோக்கி நிற்கும். கறுப்பார் அக்காலாளை மேலும் ஒரு கட்டம் செலுத்திக் குதிரையைத் தாக்குவர். அப்போது வெள்ளையார் குதிரையை மீட்காது, கோட்டை கட்டிக்கொள்வர். குதிரை வீழும், ஆயின் அதனை வெட்டிய காலாளை அரசி வெட்டி, கோட்டையொடும் மந்திரியொடும் ஒருமுகமாய்ப் பகையரசனை நெருக்குவாள்.

கோட்டை கட்டுவதற்கு ஈடாக அரசியின் காலாளை இரண்டு கட்டம் நகர்த்தும் முறை இன்றும் குலாம் காசிம் காம்பிட் என்றே வழங்குகிறது. நம் நாட்டுப் பழைய ஆட்டத்தில் காலாள் பெரும்பாலும் ஓரடியே வைக்கும். ஐரோப்பிய முறையில் கோட்டை கட்டுவதும் இல்லை. அயல்விதிகளைக் கற்று, அவற்றிலேயே தம் பெயரை நிறுத்தினார் ஒரு சென்னைவாசி என்பது சிறிய செய்தியன்று.

இக்காலத்தே கணிப்பொறி நொடியில் பல்லாயிரம் நிலைகளை ஆராய்கின்றது. எனினும், ஓட்டக்காரன் திரும்புமளவும் ஒரே நிலையை உற்றுநோக்கியிருந்தோரின் பொறுமையை அப்பொறி நமக்குத் தாராது. அனுப்பிய கடிதம் மீளாது. ஆதலின் எழுதுமுன் எண்ணுக என்பதே மாணவர்க்கு அவ்வாட்டம் கூறும் பாடமாம்.