ஐந்து காசில் தொங்கிய வேலி

சென்ற ஆண்டு மே மாதம், விடியற்காலையில் சுமத்ரா காற்று அடித்து ஓய்ந்த சிறிது நேரத்தில், எங்கள் தோட்டக் குழுவின் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. பிடோக்கில் எங்கள் புளோக்கிற்குக் கீழே இருக்கும் சமூகத் தோட்டத்தின் பாகற்காய்ப் பந்தல், அதை ஒட்டிய வேலி வலையோடு சேர்ந்து தரையில் கிடந்தது. அதற்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கவிழ்ந்திருந்தது.

அந்த நாற்காலி நான்காவது மாடிப் பாட்டியுடையது. தினமும் காலை நடையை முடித்துவிட்டு ஏழு மணிக்கு அங்கேதான் உட்காருவார். காற்று அடித்தது ஐந்து மணிக்கு. இரண்டு மணி நேர இடைவெளியில் ஒரு பெரிய ஆபத்து விலகியது என்பதை நினைக்கும்போது இப்போதும் எனக்குக் கை நடுங்கும். ஏனென்றால் அந்தப் பந்தலைக் கட்டியவர்களில் நானும் ஒருவன். கட்டுவதற்கான பொருளை வாங்கி வந்தவனும் நான்தான்.

கீழே இறங்கிப் போய்ப் பார்த்தேன். இரும்புக் கம்பங்கள் அப்படியே நின்றன. வலை ஓரிடத்திலும் கிழியவில்லை. அறுந்தவை எல்லாம் வலையைக் கம்பத்தோடு பிணைத்திருந்த வெள்ளை நிற கேபிள் டைகள். மண்ணில் உதிர்ந்து கிடந்ததில் ஒன்றை எடுத்து இரு விரலால் வளைத்தேன். அப்பளம்போல் படக்கென்று முறிந்தது. பத்து மாதங்களுக்கு முன் அதே டையை இடுக்கியால் இழுத்தும் அறுக்க முடியவில்லை. கம்பத்திற்கும் வலைக்கும் சேர்த்து 200 வெள்ளிக்கு மேல் செலவு செய்துவிட்டு, ஒன்று ஐந்து காசுகூடப் பெறாத டையில் நான் சிக்கனம் பார்த்திருந்தேன்.

காற்றைக் குறை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். சுமத்ரா காற்று மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் வீசக்கூடியது. ஆனால், டைகள் செத்துப்போனது அன்றைக்கு அல்ல. பத்து மாதமாக வெயில் அவற்றைத் தின்றுகொண்டிருந்தது. காற்று வந்து தள்ளிவிட்டது, அவ்வளவுதான்.

சிங்கப்பூர் நிலநடுக்கோட்டிலிருந்து சுமார் 1.3 பாகை வடக்கே இருக்கிறது. மார்ச் மாதக் கடைசியிலும் செப்டம்பர் மாதக் கடைசியிலும் சூரியன் ஏறத்தாழ நம் தலைக்கு நேர்மேலே வருகிறது. தேசிய சுற்றுப்புற வாரியம் மணிக்கு மணி வெளியிடும் புற ஊதாக் குறியீட்டை நண்பகல் கடந்து ஒரு மணிவாக்கில் பாருங்கள். அது 11ஐத் தாண்டினால் உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவுகோலில் அதுவே உச்சப் பிரிவு. மெல்லிய மேகம் இருந்தாலும் கதிர் கீழே வந்துவிடும். நாம் குடை பிடிக்கிறோம். கம்பத்தில் கட்டிய டை என்ன செய்யும்?

பெரும்பாலான கேபிள் டைகள் நைலான் 66 என்ற பிளாஸ்டிக்கால் ஆனவை. நீளமான மூலக்கூறுச் சங்கிலிகள்தாம் அதற்கு வலிமை. புற ஊதாக் கதிரும் காற்றிலுள்ள பிராணவாயுவும் சேர்ந்து அந்தச் சங்கிலிகளைத் துண்டு துண்டாக்குகின்றன. மேற்பரப்பில் முதலில் மயிரிழை விரிசல்கள் தோன்றும். பிறகு வளைந்துகொடுக்கும் தன்மை போய்விடும். இந்த டை முதலில் வெயிலுக்காகச் செய்யப்பட்டதே அல்ல. 1958ல் அமெரிக்காவில் தாமஸ் அண்ட் பெட்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த மாரஸ் லோகன், விமானத்துக்குள் மின்கம்பிகளைக் கட்டாகக் கட்டுவதற்குக் கண்டுபிடித்த பொருள் இது. அதைக் கொண்டுவந்து பிடோக் வெயிலில் கட்டியது நம் வேலை.

அந்த ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் காய்கறி வாங்கிய கையோடு ஜாலான் புசார் பக்கம் இரும்புச் சாமான் கடைகளுக்கு நடந்தேன். ஒரு கடைக்காரச் சீன அங்கிளிடம் முறிந்த டையைக் காட்டினேன். அவர் அதைக் கையில்கூட வாங்கவில்லை. “இது வீட்டுக்குள்ளே கட்டுவது” என்று சொல்லிவிட்டுக் கறுப்பு டைப் பாக்கெட்டுகள் இரண்டை மேசையில் வைத்தார். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். விலை மட்டும் ஏறக்குறைய இரண்டு மடங்கு வித்தியாசம்.

கறுப்பாக இருந்தால் வெயிலைத் தாங்கும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அது பாதிதான் உண்மை. வெயிலைத் தாங்கும் டையில் கார்பன் பிளாக் என்ற நுண்ணிய கரித்தூள் சுமார் 2 விழுக்காடு கலந்திருக்கும். கார் டயரைக் கறுப்பாக்குவதும் அதே தூள்தான். புற ஊதாக் கதிரை அது மேற்பரப்பிலேயே உறிஞ்சிக்கொள்வதால் உள்ளே இருக்கும் நைலான் பிழைக்கிறது. வெறும் கறுப்புச் சாயம் கலந்த டைக்கு அந்தக் காப்பு இல்லை. கண்ணால் பிரித்தறிய முடியாது; பாக்கெட்டில் ‘யூவி ரெசிஸ்டன்ட்’ அல்லது ‘வெதர் ரெசிஸ்டன்ட்’ என்று இருக்கிறதா என்று படித்தே தீரவேண்டும். ‘ஹீட் ஸ்டெபிலைஸ்டு’ என்று போட்டிருந்தால் ஏமாந்துவிடாதீர்கள். அது சூட்டைத் தாங்குவதற்கு, கதிரைத் தாங்குவதற்கு அல்ல. நானே அந்தப் பாக்கெட்டை ஒருமுறை எடுத்து, அங்கிளின் முகத்தைப் பார்த்துத் திரும்ப வைத்தேன்.

அகலமும் முக்கியம். 2.5 மில்லிமீட்டர் டை ஏறத்தாழ 8 கிலோ இழுவிசையையும், 4.8 மில்லிமீட்டர் 22 கிலோவையும், 7.6 மில்லிமீட்டர் 54 கிலோவையும் தாங்கும். இவை புதிய டைக்கான கணக்கு. வெயில் பட்ட நாளிலிருந்து குறையத் தொடங்கும். நான் முன்பு கட்டியது மிக மெல்லிய ரகம். அதோடு இடுக்கியால் முறுக்கி முறுக்கி இறுக்கியிருந்தேன். இழுத்த நிலையிலேயே இருக்கும் பிளாஸ்டிக்கில் விரிசல் சீக்கிரம் விழும். கையால் இழுத்து, வலை ஆடாத அளவுக்கு நிறுத்தினால் போதும்.

அப்படியானால் எல்லாவற்றையும் எஃகு டையால் கட்டிவிடலாமே என்று கேட்டேன். வீடு கடலுக்கு எவ்வளவு பக்கம் என்றார் அங்கிள். 1966ல் தொடங்கிய கிழக்குக் கடற்கரை நில மீட்புக்கு முன்பு, பிடோக்கின் தென்பகுதிதான் கடலோரம். பிடோக் குன்றுகளை வெட்டி எடுத்த மண்ணே கடலில் கொட்டப்பட்டது. இன்று கரை தள்ளிப் போயிருந்தாலும் உப்புக்காற்று பழைய பாதையை மறக்கவில்லை. எங்கள் புளோக்கில் சைக்கிள் சங்கிலிகளைப் பார்த்தாலே தெரியும். 304 என்ற ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கடலோரத்தில் பழுப்பேறும். தொழிலில் இருப்பவர்கள் அதைத் தேநீர்க் கறை என்கிறார்கள். 316 ரகத்தில் 2 முதல் 3 விழுக்காடு மாலிப்டினம் இருப்பதால் உப்பை அது நன்றாகவே எதிர்க்கும். விலை கூடுதல். வெட்டிய நுனி கத்திபோல் இருக்கும் என்பதும் ஒரு தொல்லை. சிறு பிள்ளைகள் கை வைக்கும் உயரத்தில் நான் அதைக் கட்டமாட்டேன். பச்சைப் பிளாஸ்டிக் உறை போட்ட கம்பிவலையில் எஃகு டை உரசி உறையைக் கிழித்தால், அந்தக் கீறல் வழியே துரு உள்ளே போகும்.

ஆகவே கலந்து கட்டினோம். பந்தலின் பாரம் விழும் கம்ப மூலைகளுக்கு 316 எஃகு டை. நடுவில் வலைக்குப் பிளாஸ்டிக் உறையிட்ட கட்டுக்கம்பி, கூடவே 4.8 மில்லிமீட்டர் கறுப்பு டை. பக்கத்துப் பாத்தியின் மலாய் மக்சிக் வழக்கம்போல் சிவப்பு ராஃபியா கயிற்றோடு வந்தார். ராஃபியாவும் பிளாஸ்டிக்தான், சில மாதங்களில் நார் நாராகப் பிரிந்து மண்ணோடு கலந்துவிடும். கத்திரிப் பாத்தியில் களை பிடுங்கும்போது போன ஆண்டின் ராஃபியா இன்னும் விரலில் சுற்றிக்கொள்கிறது. அவரிடம் அதைச் சொன்னேன். சிரித்துக்கொண்டே தம் பயற்றங்கொடியை அதனாலேயே கட்டினார்.

கொடியைக் கட்டுவது வேறு கதை என்று சொன்னவர் அப்பா. கும்பகோணம் பக்கத்துக் கொடிக்கால்களில் வெற்றிலைக் கொடியை அகத்தி மரத்தோடு வாழை நாரால் கட்டுவார்கள். அது சில மாதங்களில் மக்கிப்போகும். “மக்கணும்டா, அப்பதான் தண்டு பெருக்க முடியும்” என்றார். அவர் சொல்வது சரி. கொடியில் பிளாஸ்டிக் டை போட்டால், தண்டு தடிக்கும்போது அது கழுத்தை நெரித்துவிடும். அதனால் கொடிக்குச் சணல், கம்பத்துக்கு எஃகு என்று பிரித்துக்கொண்டோம். இதை முடிவுசெய்ய ஒரு ஞாயிறு முழுவதும் வாக்குவாதம் நடந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தேசியப் பூங்காக் கழகம் 2005ல் ‘கம்யூனிட்டி இன் புளூம்’ திட்டத்தைத் தொடங்கியதிலிருந்து தீவில் 2,000க்கும் மேற்பட்ட சமூகத் தோட்டங்கள் வந்துவிட்டன. அவற்றில் வேலியைக் கட்டுவது பெரும்பாலும் நம்மைப் போன்றவர்களே. தரையில் இருக்கும் தோட்டத்திலாவது வலை விழுந்தால் தூக்கி நிறுத்தலாம். வீவக வீட்டுத் தாழ்வாரத்திலும் பால்கனியிலும் செடி வளர்ப்பவர்கள் கைப்பிடிக் கம்பியில் சட்டத்தையோ தொட்டியையோ கேபிள் டையால் கட்டியிருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். பத்தாவது மாடியிலிருந்து அது விழுந்தால் கீழே யார் நடந்துபோகிறார்கள் என்று நமக்குத் தெரியாது. எந்த டையாக இருந்தாலும் சரி, சுவருக்கு வெளிப்பக்கம் எதையும் அதை நம்பித் தொங்கவிடாதீர்கள். தொட்டியைத் தரையில் வையுங்கள்.

எங்கள் தோட்டக் கொட்டகையின் கதவில் இப்போது ஒரு அட்டை தொங்குகிறது. டை கட்டிய தேதி அதில் இருக்கிறது. மார்ச் மாதமும் செப்டம்பர் மாதமும் ஆளுக்கு ஒரு கம்பமாக, டைகளை விரலால் லேசாக வளைத்துப் பார்க்கிறோம். வெளுத்ததையும் விரிசல் விட்டதையும் அன்றே வெட்டி எறிந்து புதிதாகக் கட்டுகிறோம். மிச்சமிருக்கும் டைகள் உறையை மூடிய பாக்கெட்டில் இருக்கின்றன. நைலான் சிறிது ஈரத்தை உறிஞ்சி வைத்திருந்தால்தான் வளையும். காய்ந்தால் கட்டும்போதே முறியும்.

பாட்டி நாற்காலியை முருங்கை மரத்தடிக்கு மாற்றிவிட்டார். புதுப் பந்தலில் பாகற்காய் காய்த்துத் தொங்குகிறது, வந்து உட்காருங்கள் என்று கூப்பிட்டேன். இன்னொரு மே மாதம் போகட்டும் தம்பி, பார்க்கலாம் என்றார்.