மௌனப் படத்தில் ஒரு தெரு

டீயைக் குடித்துக்கொண்டே கேள், தம்பி. பழைய மௌனப் படங்களில் ஜனங்கள் ஏன் அவ்வளவு வேகமாக நடக்கிறார்கள் என்கிறாய். அவர்கள் நிதானமாகத்தான் நடந்தார்கள். அந்தக் காலத்துக் கேமராவின் பக்கத்தில் ஒரு கைப்பிடி இருக்கும். நொடிக்கு இரண்டு சுற்று சுற்றினால் 16 படங்கள் பதியும். பேசும்படம் வந்தபின் புரொஜெக்டர் நொடிக்கு 24 என்று ஓடத் தொடங்கியது. பழைய சுருளை அதில் மாட்டினால் வேகம் ஒன்றரை மடங்கு. அதைக் குறைத்து ஓட்டிப் பார், கூடைக்காரி தன் நடையை நடப்பாள்.

நிறமும் அப்படித்தான். அன்றைய ஃபிலிமுக்குச் சிவப்பு தெரியாது. ஸ்ரீரங்கத்துப் பெரியவர் நெற்றியில் திருமண் பளிச்சென்று விழும், நடுவிலுள்ள சிவப்பு ஸ்ரீசூர்ணம் கறுப்புக் கோடாகிவிடும். குங்குமமும் கறுப்பு. முகங்கள்கூட நிஜத்தைவிடக் கறுத்தே இருக்கும். வெளிநாட்டார் இதைப் பார்த்து நம் ஊர் ஜனங்களைப் பற்றி என்னென்ன நினைத்தார்களோ!

1858-இல் லின்னேயஸ் ட்ரைப் திருச்சியையும் ஸ்ரீரங்கத்தையும் புகைப்படம் எடுத்தார். அருமையான படங்கள். ஆனால் வெளிச்சம் பதிய நேரம் பிடித்ததால், நடமாடும் ஆட்கள் அவற்றில் பதிவது அரிது. தெருவில் மனிதர்களைக் கொண்டுவந்தது சினிமாதான். 1905-இல் திருச்சியில் ரயில்வே வரைவாளராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், டுபான் என்ற பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டரையும் இயேசுவின் வாழ்க்கைப் படத்தையும் வாங்கி ஊர் ஊராகக் கூடாரமடித்துக் காட்டினார். உலகத்தை நம் ஜனங்கள் கூடாரத்தில் பார்த்த அதே காலத்தில், கேமராவோடு பயணம் போனவர்கள் பல நாட்டுத் தெருக்களைச் சுருட்டிக்கொண்டு போனார்கள். கொரியாவில் 1925-இல் அதைச் செய்தவர் நோர்பர்ட் வேபர் என்ற ஜெர்மன் பாதிரியார்.

அந்தச் சுருள்களில் எனக்கு மிகவும் பிடித்தது ஓரங்கள். நடுவில் நிற்பவரை அநேகமாக ‘அப்படி நில்லு’ என்று சொல்லி நிறுத்தியிருப்பார்கள். ஓரத்தில் போகிறவனுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. அவன் சுமையையும் செருப்பில்லாத காலையும் பார். வேலையை விட்டுவிட்டு லென்ஸையே வெறிக்கும் பையனையும் பார்.

காலத்தைக் கணிக்கக் கட்டடங்கள் உதவும். சியோலில் க்வாங்வாமுன் வாசலுக்குப் பின்னால் ஜப்பானிய ஆட்சித் தலைமையகம் எழும்பி முடிந்தது 1926-இல். அது இல்லாத மௌனப் படம் அதற்கு முந்தியது. நமக்கு அதைவிடச் சுலபம்: ஸ்ரீரங்கம் தெற்கு வாசலில் 236 அடி ராஜகோபுரம் 1987-இல்தான் முடிந்தது. மொட்டைக் கோபுரம் தெரிந்தால் பழைய சுருள் என்று சித்திரை வீதிக்காரர் யாரும் சொல்லிவிடுவார்.

1906-இல் எடுத்த ஒரு படத்துக்கு ‘இந்தியாவில் ஓர் உள்ளூர்த் தெரு’ என்று பொருள்படத் தலைப்பு வைத்தார்கள். எந்த ஊர் என்று தலைப்பில் இல்லை. இப்படிப்பட்ட சுருள்களைக் காப்பகங்கள் இணையத்தில் திறந்து வைத்திருக்கின்றன. உன் பாட்டியைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பார், தம்பி. வேகத்தைக் குறைத்துவை.