தங்கத் தட்டில் தங்கம் எவ்வளவு?

சென்ற ஆண்டு எங்கள் கல்லூரியில் சேர்ந்த மாணவன் ஒருவன், பழைய வேட்டியில் சுற்றிய ஒரு சட்டத்தை ஆய்வுக்கூட மேசைமேல் வைத்தான். கண்ணாடிக்குப் பின்னால் பொன்னிறத்தில் ஓர் இசைத்தட்டு பளபளத்தது.

"எங்க தாத்தா வாங்கி வெச்சதுங்க சார். அமெரிக்காவுல ஒரு பாடகருக்குப் பரிசாக் கொடுத்த தங்கத் தட்டாமா. ரெண்டு எருமையை வித்து வாங்கினாராமுங்க. இதை உருக்கி ஃபீஸ் கட்டிரலாம்னு வீட்டுல சொல்றாங்க. தங்கந்தானுங்களா சார்?"

உருக்குவதற்கு முன்னால் அவன் இங்கே வந்தது நல்லதாயிற்று.

பெருமளவில் விற்ற இசைத்தட்டுக்குப் பொன்னிறத் தட்டைப் பரிசளிக்கும் பழக்கம் புகழ் பெற்றது 1942 பிப்ரவரி 10ஆம் நாள். 'சாட்டனூகா சூ சூ' என்ற பாட்டின் தட்டு 12 லட்சம் விற்றதற்காக, கிளென் மில்லர் என்ற இசைக்குழுத் தலைவருக்கு ஆர்.சி.ஏ. விக்டர் நிறுவனம் ஒன்றைக் கொடுத்தது. அது தங்கநிறம் தெளித்த தட்டுதான்! அமெரிக்க ஒலிப்பதிவுத் தொழில் சங்கம் 1958இல் இதை முறைப்படுத்தியது. நம் நாட்டிலும் இத்தகைய பரிசு உண்டு. 1971இல் வெளிவந்த 'ஹாத்தி மேரே சாத்தி' என்ற இந்திப் படத்தின் இசைத்தட்டு மிகுதியாக விற்றதற்காக, இசையமைப்பாளர்கள் லட்சுமிகாந்த்-பியாரேலாலுக்கு எச்.எம்.வி. வெள்ளித் தட்டு வழங்கியது. அந்தப் படத்தைத் தயாரித்தவர் யார் தெரியுமா? நம் கோவை இராமநாதபுரத்தில் பிறந்த சாண்டோ சின்னப்பா தேவர்தான்.

பரிசுத் தட்டு எதனால் ஆனது என்பதை அறிய, இசைத்தட்டு அச்சாகும் விதத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். மெருகுப் பூச்சிட்ட அலுமினியத் தட்டில் முதலில் ஒலியைப் பள்ளமாக வெட்டுகிறார்கள். அதன்மேல் மெல்லிய வெள்ளிப் படலம் ஏற்றி, மின்பகுப்பு முறையில் நிக்கலைப் படிய வைத்து உரித்து எடுத்தால், பள்ளம் இருந்த இடமெல்லாம் மேடாக இருக்கும் உலோகத் தட்டு கிடைக்கும். இதற்குப் பெயர் 'தந்தை'. தந்தையிலிருந்து மறுபடியும் பள்ளமுள்ள 'தாய்'. தாயிலிருந்து மீண்டும் மேடுள்ள 'அச்சுத் தகடு'. இந்த அச்சுத் தகட்டைச் சூடான பிளாஸ்டிக்கில் அழுத்தித்தான் கடையில் விற்கும் தட்டுகளைச் செய்கிறார்கள். வேலை முடிந்த அச்சுத் தகட்டுக்குப் பொன்முலாம் பூசி, சட்டம் போட்டுப் பரிசாக்கிவிடுவது பல நிறுவனங்களின் வழக்கம். சாதாரணப் பிளாஸ்டிக் தட்டின்மேல் உலோகப் படலம் ஏற்றிக் கொடுத்ததும் உண்டு.

மாணவனின் தட்டைக் கவனமாக வெளியே எடுத்தோம். முதலில் ஒரு காந்தம். பற்றிக்கொண்டது! தங்கத்தையும் செம்பையும் காந்தம் இழுக்காது; நிக்கலை இழுக்கும். பிறகு, உங்கள் பள்ளியிலும் இருக்கும் திருகு அளவி. தடிமன் 0.30 மில்லிமீட்டர். தட்டின் விட்டம் 30 செ.மீ.; ஆகவே பரப்பு 707 சதுர செ.மீ., பருமன் 21.2 கன செ.மீ. தராசு காட்டிய எடை 188 கிராம். வகுத்துப் பாருங்கள். அடர்த்தி 8.87. நிக்கலின் அடர்த்தி 8.9, தங்கத்தினுடையது 19.3. முழுத் தங்கமாக இருந்தால் 409 கிராம், அதாவது 51 பவுன் நிறுத்திருக்க வேண்டும். (ஆர்க்கிமிடீசைப் போலத் தண்ணீரில் அமிழ்த்தலாமே என்று கேட்பீர்கள். நடுவில் ஒட்டிய காகிதம் போய்விடும். அது போனால் பாதி மதிப்பும் போச்சு.)

மேலே பூசிய தங்கம் எவ்வளவு? பூச்சின் தடிமன் மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். ஒரு பக்கத்துக்கு 0.136 கிராம் வருகிறது. தட்டார் மொழியில் சொன்னால் ஏறக்குறைய ஒரு குன்றிமணி எடை. ஃபாரடேயின் விதிப்படி இதற்கு வேண்டிய மின்னூட்டம் சுமார் 67 கூலூம். அரை ஆம்பியர் மின்னோட்டம் இரண்டே கால் நிமிடம் பாய்ந்தால் தீர்ந்தது. நம் ஊர் மின்முலாம் பட்டறைகளில் நாள்தோறும் நடக்கும் வேலைதான். ஆனால் பொன்முலாம் கரைசலில் சயனைடு இருக்கும். வீட்டில் முயல வேண்டாம். ராஜ வீதியில் எந்தத் தட்டாரிடம் கொடுத்திருந்தாலும் உரைகல்லில் ஒரே இழுப்பில் பூச்சு கிழிந்து, நிக்கல் பல்லிளித்திருக்கும்.

"அப்போ தாத்தாவை ஏமாத்திட்டாங்களா சார்?" என்றான் பையன்.

அவசரப்படாதே என்றேன். பரிசுத் தட்டைச் சேகரிப்பவர்கள் தங்கத்துக்காகப் பணம் கொடுப்பதில்லை. அவர்கள் கேட்பது, அந்தத் தட்டு உண்மையிலேயே பரிசாக வழங்கப்பட்டதா, யாருக்கு என்பதை. நடுவளையத்தில் பாட்டு முடிகிற இடத்தில் சில எழுத்துகள் தலைகீழாகப் பொறித்திருந்தன. முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றைப் பிடித்ததும் எண் நேராகத் தெரிந்தது. தட்டு அச்சுத் தகடுதான் என்பதற்கு அதுவே சான்று. ஆனால் காகிதத்தில் அச்சிட்டிருந்த எண் வேறு! காகிதத்தில் ஐந்து பாட்டு, தட்டின் முகத்தில் ஆறு பட்டை.

இதைப் பார்த்துப் போலி என்று தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். முலாம் பூச அந்த நேரத்தில் எந்த அச்சுத் தகடு கையில் கிடைத்ததோ அதை எடுத்து, மேலே உரிய காகிதத்தை ஒட்டிக் கொடுத்த அசல் பரிசுகள் ஏராளம். ஊசியை வைத்துப் பாடவிட்டால் தெரிந்துவிடாதா என்றால், மேடுள்ள தகட்டில் ஊசி ஒழுங்காக ஓடாது. சுருளும் எதிர்த்திசையில் இருப்பதால் வெளிப்பக்கம் தள்ளிக்கொண்டு போகும், முலாமும் கீறிவிடும்.

ஆகையால் சேகரிப்பாளர்கள் தட்டைவிடச் சட்டத்தையே அதிகம் நோட்டமிடுகிறார்கள். அமெரிக்கச் சங்கத்தின் பரிசுகளில் 1964 முதல் சுமார் பத்தாண்டு வரை தட்டுக்குப் பின்னால் வெண்ணிறத் துணி இருக்கும். 1980களில் ஹாலோகிராம் முத்திரை வந்தது. அதைக் கள்ளத்தனமாகச் செய்வது எளிதன்று. சட்டத்தின் முதுகில் ஒட்டிய தாள், பித்தளைத் தகட்டில் வெட்டிய பெயர், பழைய கடிதம் ஆகியவை இருந்தால் விலை ஏறும். காந்தமும் தராசும் அதுவரைக்கும் வந்து உதவ மாட்டா. தட்டு எதனால் ஆனது என்று அவை சொல்லும். யார் கையில் கொடுத்தார்கள் என்று சொல்லா.

பையன் கொண்டுவந்த சட்டத்தில் வெள்ளைத் துணி இருந்தது. பின்புறத் தாளைப் பிரிக்காமல் படம் எடுத்து வைத்திருக்கிறோம். தாத்தாவின் பெட்டியில் ரசீதோ கடிதமோ இருக்கிறதா என்று வீட்டில் தேடுகிறார்கள். முதல் பருவத்துக் கட்டணத்தை அவன் அப்பா கைமாற்று வாங்கிக் கட்டினார்.