புழுதியில் விதைக்கும் விஞ்ஞானம்

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் வட்டாரங்களில் புரட்டாசி மாதம் கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டால் அதே மண் களியாகிவிடும். மாடும் நுழையாது, டிராக்டரும் நுழையாது. வெயில் கண்டு, பதம் வந்து விதைப்பதற்குள் முதல் மழையின் ஈரம் வீணாகிப் போகும். பிந்தி விதைத்த சோளம், மழை ஓய்ந்த பிறகு கதிர் வாங்கும் நேரத்தில் வாடும். ஆண்டுக்குச் சுமார் 700 மில்லிமீட்டர்தான் மழை. அதில் பாதிக்கு மேல் இந்தப் பருவத்தில்தான்.

மழைக்கு முன்பே புழுதியில் விதைத்துவிடலாமே? சம்சாரிக்குத் தெரியாத வழியில்லை, பயம்தான். ஒரு தூறலில் முளைத்து அடுத்த மழை தள்ளிப்போனால் விதை கருகும், கடன் நிற்கும்.

1901-ல் தொடங்கப்பட்ட கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையம் இந்தப் பயத்தைத்தான் ஆராய்ந்தது. விதையை 5 சென்டிமீட்டர் ஆழத்தில் போடச் சொன்னது. அந்த ஆழத்துக்குத் தூறல் எட்டாது. பயிரை நிறுத்தக்கூடிய நல்ல மழைதான் விதையை எழுப்பும். விதைக்கும் முன் கடினப்படுத்தவும் சொன்னது. சோள விதையை 2 சதவீத பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் கரைசலிலும், பருத்தி விதையை 2 சதவீத பொட்டாசியம் குளோரைடு கரைசலிலும் சில மணி நேரம் ஊறவைத்து, பழைய ஈரப்பதம் வரும்வரை நிழலில் உலர்த்த வேண்டும். விதைக்குள் முளைப்பு வேலை தொடங்கிப் பாதியில் நிற்கும். மழை விழுந்ததும் வேகமாக வேர் விடும். இடையில் காய்ச்சல் வந்தாலும் தாங்கும்.

இதற்கு ஒரு வாளியும் கொஞ்சம் உப்பும் போதும். ஆப்பிரிக்காவின் நைஜர் நாட்டில் கம்பு விதைக்கிறவர்கள் சோடா பாட்டில் மூடியால் அளந்து குழிக்குக் குழி உரம் இடுவதும் இதே வகை விஞ்ஞானம்தான். ஏழை நிலத்துக்கான தொழில்நுட்பத்தை அது தோற்றால் எவ்வளவு நஷ்டம் என்று கேட்டே எடைபோட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். டிரோன் வரட்டும், செயலி வரட்டும். மானாவாரிக்காரருக்கு முதலில் தேவை, தன் வட்டாரத்தில் மழை எந்த வாரம் தொடங்கும் என்ற நம்பகமான தகவல்.

கடினப்படுத்திய விதை ஆவணி முடிவதற்குள் ஒவ்வொரு வேளாண் விரிவாக்க மையத்திலும் கிடைக்க வேண்டும். அதன் பிறகு வந்தால் அந்த ஆண்டுக்கு அது உதவாது.